ஏழாவது வார்டும் எட்டாவது வார்டும்

பதினைந்து நாற்காலிகள். அவற்றை எப்படிப் போடுவது என்பதில்தான் அன்று காலை பேச்சு தடித்தது.

புதிய உறுப்பினர்கள் பதவியேற்கப்போகிற பேரூராட்சிக் கூட்ட அறையில் பினாயில் வாடை இன்னும் போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள். நான் வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று முதல் பதினைந்து வரை எழுதி, ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

“இன்னா மேடம் இது, பரீட்சை எழுதற மாதிரி? எங்க ஆளுங்க இந்தப் பக்கம், அவங்க ஆளுங்க அந்தப் பக்கம். எப்பவும் அப்டிதான குந்துவாங்க.”

“வார்டு நம்பர்படி போடச் சொல்லி இ.ஓ. சொல்லிட்டாருங்க” என்றேன்.

இ.ஓ. என்று நாங்கள் சொல்வது செயல் அலுவலரை. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தென்மாவட்டத்திலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த இளைஞர். “உங்களுக்குச் சரின்னு பட்டபடி போடுங்க மேடம்” என்று மட்டும் சொல்லியிருந்தார். எனக்குச் சரியென்று பட்டதைச் செய்தேன். பழியை அவர்மேல் போட்டேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டு, செஞ்சியிலிருந்து ஒரு வாசகி, “குடும்பக் கதை போதும், ஆபீஸ் கதைக்கு வாங்க” என்று எழுதியிருந்தார். வந்துவிட்டேன்.

இது எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருகிற வழியில் உள்ளடங்கி இருக்கிற பேரூராட்சி. அங்கே தலைமை எழுத்தராக இருந்துதான் ஓய்வு பெற்றேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எனக்கும் எப்போதாவது அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

முகையூரில் ஒரு கோடை

நாற்காலியில் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முகையூர் ஒன்றிய அலுவலகத்தில் இருந்தேன். அங்கே ஒரு கிராம ஊராட்சியில் இரண்டு அணி. அறையின் நடுவில் ஒரு மேசை. மேசைக்கு இந்தப்புறம் ஒரு அணி, அந்தப்புறம் ஒரு அணி. இவர்கள் தீர்மானம் கொண்டுவந்தால் அவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் கொண்டுவந்தால் இவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஒரு கோடை முழுக்க அந்த ஊரில் ஒரு அடிபம்பு கைப்பிடி இல்லாமல் நின்றது. கைப்பிடி வாங்க ஒரு தீர்மானம் வேண்டும். அது நிறைவேறவே இல்லை. பெண்கள் ஒரு உலக்கையைக் கட்டி அடித்துப் பார்த்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு கரும்புத் தோட்டத்து மோட்டாருக்குப் போனார்கள்.

அந்த அறையில் எதிரெதிராக உட்கார்ந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. ஒருவரை ஒருவர் முறைக்க வசதியாகவே அந்த மேசை போடப்பட்டிருந்தது. எனக்கு என்றைக்காவது நாற்காலி போடுகிற வேலை கிடைத்தால் இப்படிப் போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கிடைக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்

முதலில் வந்தவர் அஞ்சலாட்சி. எட்டாவது வார்டு. முப்பத்தைந்து வயது இருக்கும். காலனித் தெருவைச் சேர்ந்தவர். களை எடுக்கவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் போவார். வேலை இல்லாத மாதங்களில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவார். எதிர்க்கட்சியில் நின்று ஜெயித்திருந்தார். புது சேலையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. வாசலிலேயே நின்றார்.

“அக்கா, நான் எங்க குந்தறது?”

எட்டு என்று ஒட்டிய நாற்காலியைக் காட்டினேன். நுனியில் உட்கார்ந்தார். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பத்து நிமிஷம் கழித்து ஏழாவது வார்டு ஏழுமலை வந்தார். சொந்தமாகக் கரும்பும் மல்லாட்டையும் பயிர் வைக்கிற குடும்பம். ஆளுங்கட்சி. ஜெயித்தால் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தபடி, விடியற்காலையில் திருவக்கரைக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

ஏழுக்குப் பக்கத்தில் எட்டு. அவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தரையில் அது இழுபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அஞ்சலாட்சி திரும்பிப் பார்க்கவில்லை.

உறுதிமொழித் தாளை நான் மிகச் சிறிய எழுத்தில் அச்சடித்துவிட்டேன். ஏழுமலை கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளைக் கையை நீட்டிப் பிடித்து, “இந்திய அரசியலமைப்பின்பால்” வரைக்கும் வந்து நின்றுவிட்டார். எட்டாம் நாற்காலியிலிருந்து மெதுவாக ஒரு குரல் அடுத்த சொற்களைச் சொன்னது. அவர் அதை வாங்கிச் சொன்னார். அடுத்த வரியும் அப்படியே. உட்கார்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

பொன்னாடை போர்த்துவது முடியவே ஒரு மணி நேரம் ஆனது. அது முடிந்ததும் இ.ஓ. என்னைக் கூப்பிட்டு, “நீங்க சீனியர், ரெண்டு வார்த்தை வரவேற்புரை சொல்லுங்க” என்றார். நான் தயாராக வரவில்லை. ஆனாலும் பேசினேன். கிட்டத்தட்ட இப்படி:

“எல்லாருக்கும் வணக்கம். நீங்க பதினஞ்சு பேரும் ஜெயிச்சாச்சு. இந்த ரூமுக்குள்ள தோத்தவங்க யாரும் இல்ல. கட்சி வெளிய இருக்கட்டும்னு சொல்ல மாட்டேன், அது உங்க கூடவேதான் வரும். ஆனா தண்ணிக் குழாயும் கால்வாயும் வார்டு பாத்து நிக்கறதில்ல. ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வார்டு எல்லைய, பக்கத்து வார்டு மெம்பரோட சேந்து ஒரு தடவ நடந்து பாருங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா என்னா இருக்குதுன்னு எழுதிக் குடுங்க. அதுலேருந்து ஆரம்பிக்கலாம்.”

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். காராபூந்தியும் டீயும் வந்தது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எல்லையில் நடந்தோம்

பத்து நாள் கழித்து அஞ்சலாட்சி அலுவலகத்துக்கு வந்தார்.

“அக்கா, நடந்து பாக்கச் சொன்னீங்கள்ல. ஏழாவது வார்டுகாரரு வர மாட்டேங்கறாரு. நான் நாலு தடவ ஆளு அனுப்பிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

பதினைந்து பேரில் அதைக் காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். நான் ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

“மேடம், அந்தம்மாகூட நான் தெருவுல நடந்தா எங்க கட்சில என்னா பேசுவாங்க தெரியுமா? தேவையில்லாத பேஜாரு.”

“ஆபீஸ்ல வரச் சொன்னாங்கன்னு சொல்லிடுங்க. நானும் வர்றேன்.”

அடுத்த நாள் காலை மூவரும் கிளம்பினோம். ஏழுக்கும் எட்டுக்கும் எல்லை ஒரு மழைநீர்க் கால்வாய். நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, காலனித் தெருவை ஒட்டி வந்து, வயல்களைத் தாண்டி ஏரியில் விழும். எட்டு அடிக்குக் குறையாத அகலம். அப்போது காய்ந்துதான் கிடந்தது. அடியில் பிளாஸ்டிக் கவர், முட்டை ஓடு, செத்த நாற்றம்.

ஏழுமலை முன்னால் நடந்தார். அஞ்சலாட்சியிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னைப் பார்த்தே சொன்னார்.

“மேடம், பாருங்க. அவங்க ஜனங்க கண்டதயும் இதுலதான் கொட்டறாங்க. அடைச்சிக்கினு மழையில மேல வருது. அப்புறம் நாங்க வேணும்னே அடைச்சிட்டோம்னு சொல்றாங்க.”

“குப்ப வண்டி எங்க தெருவுக்குள்ள வர்றதே இல்லீங்க” என்றார் அஞ்சலாட்சி. “உங்க முக்கோட திரும்பிடுது. வேற எங்க போடறது?”

“அப்டியா மேடம்?”

“ஆமாங்க” என்றேன். “சந்து குறுகல்னு டிரைவர் போறதில்ல.”

அவர் மேலே நடந்தார். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். கொடி குவித்து வைத்த இடங்களில் பச்சை மண் வாசனை. ஒரு குவியலிலிருந்து அஞ்சலாட்சி இரண்டு காயை எடுத்து உடைத்துப் பார்த்து, உள்ளே பருப்பு இல்லாமல் இருக்க, “பொக்கு” என்று சொல்லி எறிந்தார். “இந்த வருஷம் எல்லாருக்கும் பொக்குதான்” என்றார் ஏழுமலை, வயலைப் பார்த்தபடி.

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் கால்வாய் காணாமல் போனது.

அந்த இடத்தில் ஒரு பெரிய சிமென்ட் களம். மல்லாட்டை காயப்போடுவதற்காகக் கட்டியது. கால்வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, நடுவில் கால்வாயின் மேலேயே தளம் போட்டிருந்தார்கள். தளத்துக்கு அடியில் தண்ணீர் போக ஒரு குழாய்.

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். குனிந்து குழாய் வாயில் கையை விரித்து அளந்தார். திரும்பி, நாங்கள் நடந்து வந்த எட்டு அடிக் கால்வாயைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

“ரெண்டு சாண்கூட இல்ல” என்றார்.

கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

“இது எங்க மாமா களம்” என்றார். அம்மாவின் தம்பி. ஏழுமலைக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. வளர்த்தவர் அந்த மாமாதான். தேர்தலில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவரும் அவர்தான். “வருஷா வருஷம் இதும்மேல மல்லாட்ட கொட்றேன். கீழ எறங்கிப் பாத்ததில்ல.”

பிறகு முதல்முறையாக அஞ்சலாட்சியை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“மழையில அங்க எவ்ளோ தண்ணி நிக்கும்?”

அஞ்சலாட்சி முழங்காலுக்கு மேலே கை வைத்துக் காட்டினார். “ரெண்டு நாளு நிக்கும். சில வருஷம் மூணு நாளு. ராத்திரில ஏறிச்சின்னா கட்டில் மேல கட்டில் போட்டு புள்ளைங்கள குந்த வெப்போம், விடிஞ்சதும் பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போவோம். நாங்களும் வருஷா வருஷம் மனு குடுத்துக்கினுதாங்க இருக்கறோம்.”

“யாருகிட்ட?”

“ஆபீஸ்ல.”

அவர் கேள்வி கேட்கிற முகத்தோடு என் பக்கம் திரும்பினார். வெயில் ஏறிவிட்டது, கிளம்பலாம் என்றேன்.

இழுப்பறை

அன்று மதியம் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். மனுக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் அனுப்பிய பதிலின் நகலும் இருந்தது. “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

கையெழுத்து அந்தந்த ஆண்டின் செயல் அலுவலருடையது. வாசகம் என்னுடையது. சரியாகச் சொன்னால், முதல் ஆண்டு மட்டும்தான் என்னுடையது. மற்ற ஆண்டுகளில் பழைய கடிதத்தை எடுத்துத் தேதியை மாற்றித் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தேன்.

களம் இருப்பது எனக்குத் தெரியும். அதன் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. போய்ப் பார்த்தால் அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை எழுதினால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். போகாமல் இருந்தால் எதுவும் இல்லை. இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதுதான் வசதியாக இருந்தது.

கோப்பை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன்.

தண்ணீர் கேன் பக்கத்தில்

முதல் சாதாரணக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஏழுமலை வந்தார். மாமாவிடம் பேசிப் பார்த்திருக்கிறார்.

“என்னா சொன்னாரு தெரியுமா மேடம்? உனக்கு ஓட்டு கேட்டு வூடு வூடா நடந்தேன். ஜெயிச்சதும் மொத வேலையா என் களத்தயே ஒடைக்க வர்றியான்னு கேட்டாருங்க. அத்தை அழுதுடிச்சி.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது வியர்வைக்காக இல்லை. ஆறுதல் சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

கூட்டத்தன்று காலை நான் வராண்டா ஓரத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேன் பக்கத்தில் அஞ்சலாட்சி, கையில் ஒரு துணிக்கடைப் பையோடு நின்றிருந்தார். ஏழுமலை டம்ளரை எடுக்க வந்தார். அஞ்சலாட்சி குரலைத் தாழ்த்தவில்லை. நான் கேட்டால் பரவாயில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

“எங்க கட்சில, நீயே கெளப்பு, உங்க மாமா பேர சொல்லி உங்களக் கிழின்னு சொல்லி அனுப்பிக்கிறாங்க. நான் கிழிச்சா நாளைக்கு பேப்பர்ல வரும். உங்க மாமா கோர்ட்டுக்குப் போவாரு. கால்வா அப்டியேதான் கெடக்கும். எனக்கு மழைக்கு முன்ன தண்ணி போவணும்ங்க. நீங்க முன்மொழிங்க.”

“களத்த ஒடைக்கச் சொல்லி நானே முன்மொழியணுமா?”

“யாரு ஒடைக்கச் சொன்னது? கால்வா அகலத்துக்கு மட்டும் தளத்த அறுத்து எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் செவுரு எழுப்பி, மேல சிலாப் போட்டு மூடிக் குடுத்துடலாம். மேல மல்லாட்ட காயட்டும். கீழ தண்ணி போவட்டும்.”

“இத யாரு சொன்னது உனக்கு? என்ஜினியரா?”

“நான் சித்தாளு வேலைக்குப் போனவதாங்க. பைபாஸ்ல இந்த மாதிரி எத்தினியோ சிறுபாலத்துக்குக் கலவ தூக்கி இருக்கறேன்.”

ஏழுமலை டம்ளரில் பிடித்த தண்ணீரைக் குடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

“யோசிக்கறேன் மெம்பரே” என்றார்.

அதுவரை அவர் அந்தப் பெண்ணை ‘அந்தம்மா’ என்றும் ‘உனக்கு’ என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் எழுதியது

கூட்டத்தில் எனக்கு ஓரத்தில் ஒரு சின்ன மேசை. நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. கேட்டால் ஒழிய நான் பேசக் கூடாது.

உறுப்பினர்கள் கோரிக்கை என்று வந்ததும் அஞ்சலாட்சி எழுந்தார். துணிக்கடைப் பையிலிருந்து கடிதங்களை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, தண்ணீர் பட்டு எழுத்து கலங்கி இருந்தன. ஒன்றைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மூன்றாவதைப் படித்தபோது எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம் ஆகிவிட்டது. உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.

அவருடைய கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். பேரூராட்சித் தலைவர் ஆளுங்கட்சி. “அதெல்லாம் பழைய நிர்வாகத்துல நடந்தது” என்றார். “அப்ப இருந்தது யாரு” என்று ஒரு குரல். “நீங்க என்னா கிழிச்சீங்க” என்று இன்னொரு குரல். முகையூரில் கேட்ட அதே சத்தம் கிளம்பிவிட்டது.

அஞ்சலாட்சி உட்காரவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றார்.

“எந்தக் கட்சின்னு நான் கேக்கல. மூணு வருஷமும் ஒரே வரி இருக்குது. இத எழுதுன ஆளு யாருன்னு கேக்கறேன்.”

இ.ஓ. என்னைப் பார்த்து, “கோப்பு இருக்கா மேடம்?” என்று கேட்டார். தேடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் புதியவர், நம்பியிருப்பார்.

நான் எழுந்தேன்.

“நான்தான் எழுதினேன்” என்றேன். “கையெழுத்துப் போட்டவங்க மாறினாங்க. எழுதினது எல்லாம் நான்தான். கோப்பு என் மேசையிலதான் இருக்குது. அங்க போய்ப் பாக்காமலேயே எழுதினேன். பாக்க வேணாம்னு யாரும் எனக்குச் சொல்லல.”

கட்சிப் பெயரைச் சொல்லிக் கத்த எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சி என்னையே பார்த்தார். கோபம் இருந்தது என்று சொல்ல முடியாது. அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“இங்கேருந்து நடந்தா பத்து நிமிஷம். ஒரு மழைக்காவது வந்து பாத்திருக்கலாம்க்கா.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்போது ஏழுமலை எழுந்தார்.

“அந்தக் களம் என் தாய்மாமனோடது. இங்க எல்லாருக்கும் தெரியும், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கால்வாய் அகலத்துக்குத் தளத்த எடுத்துட்டு, சிறுபாலம் கட்டி மூடிக் குடுக்கணும்னு நான் முன்மொழியறேன். குப்ப வண்டி எட்டாவது வார்டு தெருவுக்குள்ள போவணும்னும் சேத்து எழுதிக்கோங்க மேடம்.”

பின்னாலிருந்து யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கையைத் தட்டிவிட்டார். அவர் கட்சிக்காரர்கள் தலை குனிந்து பொருள் நிரலைப் படித்தார்கள்.

“வழிமொழியறவங்க?” என்றார் தலைவர்.

“நான் வழிமொழியறேன்” என்றார் அஞ்சலாட்சி, உட்கார்ந்தபடியே.

எதிர்ப்பு யாரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன காரணம் சொல்வது? தலைவர் நிம்மதியாக, “ஏகமனதா நிறைவேறினதா எழுதுங்க” என்றார். நின்றபடியே எழுதியதால் அந்தப் பக்கத்தில் என் எழுத்து சரியாக வரவில்லை. மறுநாள் வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். இ.ஓ. வேண்டாம் என்றார். அந்தக் கடிதங்கள் பற்றி என்னை ஒரு விளக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பிறகு

தளத்தை அறுத்த அன்று மாமா வந்து ஓரமாக நின்றார். தடுக்கவில்லை. கொத்தனாரிடம் மட்டும், “ஓரம் ஒடையாம அறுப்பா” என்றார். ஏழுமலை பக்கம் திரும்பவே இல்லை.

சில மாதம் கழித்து மாமா தன் பேத்திக்குக் காது குத்தினார். ஏழுமலைக்குப் பத்திரிகை வரவில்லை. மறுபடியும் அப்பா இல்லாத பிள்ளை மாதிரி ஆகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். அந்த உறவு சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். எனக்குத் தெரிந்தவரை ஆகவில்லை.

அஞ்சலாட்சிக்கும் அவர் கட்சியில் கேள்வி வந்தது. கையில் கிடைத்த கத்தியை எதிராளிக்கே கொடுத்துவிட்டு வந்தாயா என்று கேட்டார்களாம். “எனக்கு மம்மட்டிதான் வேணும்னு சொன்னேங்க்கா” என்றார்.

இருவரும் நெருங்கிய சினேகிதர்கள் ஆகிவிடவும் இல்லை. அடுத்த கூட்டத்திலேயே தெருவிளக்கு யார் வார்டுக்கு முதலில் என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் யாரும் எழுந்து வெளியே போகவில்லை. விளக்கு இரண்டு வார்டுக்கும் பாதிப் பாதி என்று முடிந்தது.

கார்த்திகையில்

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பெருமழை வந்தது. விழுப்புரத்தில் என் வீட்டு வாசலிலேயே கணுக்கால் தண்ணீர். பேருந்து எங்கெங்கோ நின்று நின்று, ஊருக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிட்டது.

மழை என்றால் பள்ளிக்கூடத்தில் சமைப்பது அலுவலக வழக்கம். காலனி ஜனங்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். அன்றும் யாரும் சொல்லாமலே சத்துணவுக்கூடத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் தயார். ஏழுமலை தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். இலைக்கட்டு பிரித்து வைத்திருந்தது. வகுப்பறையில் பாய் விரித்திருந்தது.

பதினொன்றாகியும் ஒருவரும் வரவில்லை.

“நான் போயி இட்டுக்கினு வர்றேன்” என்று அஞ்சலாட்சி கிளம்பினார். கால் மணி நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். முழுக்க நனைந்திருந்தார்.

“யாரும் வரலன்றாங்க.”

“ஏன், என்னா கோவம்?” என்றார் ஏழுமலை.

“கோவம் இல்லீங்க. எல்லார் வூட்லயும் சமைச்சிக்கினு இருக்கறாங்க.”

ஏழுமலைக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அண்டாவைப் பார்த்தார், அஞ்சலாட்சியைப் பார்த்தார். “அப்ப இத ஜல்தியா பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துக்கினு போலாம். பஸ் இல்லாம நூறு பேரு நிக்கறாங்க” என்றார். இரண்டு பேர் பிடித்து அண்டாவை அவர் மினி லாரியில் ஏற்றினார்கள். சமைத்த அம்மா, இலையை மறந்துவிட்டார்கள் என்று பின்னாலேயே ஓடினார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு காலனிப் பக்கம் நடந்தேன். அவரும் கூட வந்தார். கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில், சத்தத்தோடு, கரைக்கு ஒரு முழம் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் சேறு இருந்தது. தண்ணீர் நிற்கவில்லை.

முதல் வீட்டில் ஒரு பெண் அடுப்பில் கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

“உள்ள வந்து குந்துங்க மேடம்” என்றாள். “தரை காஞ்சிதான் இருக்குது.”